குழு உடற்பயிற்சி வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழு உடற்பயிற்சி வகுப்பில் சேர நினைப்பவர்கள், மூச்சு வாங்குமா, முழங்கால் தாங்குமா என்று உடலைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆனால் பாதியில் நின்றுவிட்டவர்களிடம் பேசிப் பார்த்தால், பக்கத்தில் இருந்தவர் வீசிய ஒரு சொல்லோ, நின்ற இடத்திலிருந்து நகர்த்தப்பட்ட சங்கடமோதான் முதலில் வெளிவருகிறது.

இடத் தகராறு இதில் பழையது. தொடர்ந்து வருபவர்களுக்குக் கண்ணாடிக்கு எதிரே, மின்விசிறிக்குக் கீழே என்று பழகிய இடம் ஒன்று இருக்கும். முன்பதிவு இல்லாத வகுப்பில் அது பழக்கமே தவிர உரிமை அல்ல. வராத தோழிக்காக விரிப்பைப் போட்டு இடம் பிடிப்பதும், அங்கே நிற்கும் புதியவரிடம் "இது என் இடம்" என்பதும் அநாகரிகம். புதியவர்கள் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது: வெட்கப்பட்டுக் கடைசி வரிசையில் ஒதுங்கிவிடுகிறார்கள். அங்கிருந்து பயிற்றுநரின் கால்கள் தெரியாது. ஜும்பா நடனப் பயிற்சியில் எல்லோரும் பின்பக்கம் திரும்பும்போதோ, கடைசி வரிசையே முதல் வரிசையாகிவிடும். நடுவரிசையில் சற்று ஓரமாக நின்றால், முன்னும் பின்னும் பார்த்துப் பின்பற்ற ஆட்கள் இருப்பார்கள்.

தாமதமாக வருபவர் விரிப்புகளைத் தாண்டி முன்வரிசைக்குப் போகக் கூடாது. தொடக்கத்தின் 5 முதல் 10 நிமிட வார்ம் அப்பைத் தவறவிட்டிருந்தால், வாசலருகே நின்று மெதுவாக உடலைச் சூடாக்கிக்கொண்ட பிறகே மற்றவர்களின் வேகத்தில் சேர வேண்டும்.

என் கணக்கில் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, கேட்காமலே அடுத்தவரைத் திருத்துவது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியைச் செய்யும் ஒருவர் பாதி தூரமே இறங்குகிறார். பக்கத்தில் இருப்பவர், "இன்னும் கீழே போங்க, அப்பதான் பலன்" என்கிறார். முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதை வகுப்புக்கு முன்பே பயிற்றுநரிடம் சொல்லி, பயிற்றுநர் வகுத்துக்கொடுத்த அளவில்தான் அவர் இறங்குகிறார் என்பது திருத்துபவருக்குத் தெரியாது. நல்லெண்ணம் இங்கே சாக்காகாது. அடுத்தவரின் எடை, உடை, வயது பற்றிய பாராட்டுகளுக்கும் இதே விதிதான். உண்மையிலேயே ஆபத்து தெரிந்தால் பயிற்றுநரிடம் சைகை காட்டினால் போதும். அதேபோல, காயம், கர்ப்பம், இதயக் கோளாறு போன்றவற்றைப் பயிற்றுநரிடமே மறைப்பதும் தவறு. அவருக்குத் தெரிந்தால்தான் மாற்று அசைவைத் தர முடியும்.

பக்கத்தில் இருப்பவரோடு மனத்துக்குள் போட்டி போடுவது எல்லா நேரமும் கெடுதல் அல்ல. 1920களில் ஜெர்மானிய உளவியலாளர் ஓட்டோ கோலர், படகோட்டிகளைத் தனியாகவும் இணைந்தும் எடை தூக்க வைத்தபோது, இணையில் வலிமை குறைந்தவர் தனியாகச் செய்ததைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார். ஆனால் இருவரின் வலிமையும் ஓரளவு வேறுபட்டபோதுதான் அந்தப் பலன் மிகுதியாகக் கிடைத்தது. இடைவெளி மிகப் பெரிதானபோது அது குறைந்தது. பல ஆண்டுகளாகப் பயிற்சி செய்பவரின் டம்பெல்லைப் பார்த்து, முதல் வாரத்திலேயே அதே எடையை எடுப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் தோள்வலிதான்.

வியர்வை படிந்த விரிப்பையும் கருவியையும் துடைக்காமல் போவது, மூடிய அறைக்குள் கடும் வாசனைத் திரவியம் பூசி வருவது, பயிற்றுநர் பேசும்போது கதை பேசுவது ஆகியவற்றை விளக்கத் தேவையில்லை. கைப்பேசியில் காணொளி எடுப்பதைப் பற்றி மட்டும் ஒரு சொல்: சட்டகத்துக்குள் விழும் ஒவ்வொருவரின் சம்மதமும் வேண்டும், சுவர்க்கண்ணாடியில் தெரிபவர்களும் அதில் அடக்கம்.

முடிவில் உடலை மெல்லத் தணிக்கும் கூல் டவுன் தொடங்கியதும் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு கிளம்புவது மற்றவர்களின் அமைதியைக் கெடுப்பதோடு, கிளம்புபவருக்கும் நல்லதல்ல. கடும் பயிற்சியின்போது விரிந்த இரத்தக் குழாய்கள் உடனே சுருங்காததால், சட்டென்று அசைவை நிறுத்தினால் கால்களில் இரத்தம் தேங்கித் தலைசுற்றல் வரலாம். முன்கூட்டியே போக வேண்டியவர் அதைப் பயிற்றுநரிடம் தொடக்கத்திலேயே சொல்லி, வாசலருகே இடம்பிடித்து, வெளியே சென்றதும் சில நிமிடங்கள் மெதுவாக நடந்த பிறகே வண்டியில் ஏற வேண்டும்.