தரையோடு தாழ்ந்த ஹாட் ராட்: சட்டகத்திலிருந்து கட்டும் முறை

ஒரு ஹாட் ராட்டை, அதாவது வேகத்துக்காகவும் தோற்றத்துக்காகவும் மாற்றிக் கட்டிய பழைய காரை, தாழ்த்த வேண்டுமென்றால் ஸ்பிரிங் பட்டையைக் கழற்றுவதோ சுருள் ஸ்பிரிங்கை வெட்டுவதோ வழியல்ல. அப்படித் தாழ்த்திய கார் முதல் மேட்டிலேயே ஆக்சிலும் சட்டகமும் மோதிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். தாழ்வு சட்டகத்தின் வடிவத்திலேயே அமைந்திருக்க வேண்டும். சக்கரம் மேலும் கீழும் போய்வரும் இடத்தை ஒரு அங்குலம்கூடத் திருடாமல் காரின் உடலை மட்டும் தரைக்கு அருகே கொண்டுவருவதே இந்த வேலையின் முழு நுட்பம். 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் மியூராக், எல் மிராஜ் ஆகிய வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டுகளை ஓட்டி வேகம் பார்த்தவர்கள், காற்றில் மோதும் முகப்பின் பரப்பைக் குறைப்பதற்காகக் காரைத் தாழ்த்தினார்கள். இன்று பெரும்பாலும் தோற்றத்துக்காகச் செய்கிறோம் என்றாலும் கணக்கு மாறவில்லை.

எந்த உடலை எடுப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. 1932 ஃபோர்டுக்கு மதிப்பு அதிகம்; அந்த ஆண்டுதான் எட்டு சிலிண்டர் கொண்ட ஃபோர்டின் வி8 என்ஜினும் வந்தது. ஆனால் அதன் சட்டகத்தின் பக்கவாட்டு, அச்சில் அழுத்திய கோட்டுடன் வெளியே தெரியும்படி வடிவமைக்கப்பட்டது. அதை வெட்டித் தூக்கினால் அழகு போய்விடும். மிகத் தாழ்ந்த காருக்கு 1928 முதல் 1931 வரை வந்த மாடல் ஏ உடலே பொருத்தம். அதனுடைய பழைய சட்டகம் 40 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜினுக்காக மெல்லிய தகட்டில் செய்யப்பட்டது என்பதால், வி8 வைக்கப் போகிறவர் 2க்கு 4 அங்குலச் செவ்வக எஃகுக் குழாயில் புதிய சட்டகம் கட்டுவதே நல்லது. மாடல் ஏவின் அடையாள எண் பழைய சட்டகத்தின் இடது நீளச்சட்டத்தில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். புதிய சட்டகம் போட்ட காரைப் பதிவு செய்யும் விதி அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், குழாய் வாங்கிய ரசீதிலிருந்து எல்லாவற்றையும் பத்திரப்படுத்திக்கொண்டு, வேலை தொடங்கும் முன்பே அந்த மாநில அலுவலகத்தில் விசாரித்துவிட வேண்டும்.

முதல் அளவு டயரிலிருந்து தொடங்குகிறது. கடைசியில் காரில் ஓடப்போகும் அதே டயரும் ரிம்மும் கையில் இருந்தாக வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் எல்லா எண்ணும் பொய்யாகிவிடும். முன்னால் 26 அங்குலமும் பின்னால் 31 அங்குலமும் விட்டமுள்ள டயர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாரம் ஏறினால் டயர் சற்று அமுங்கும் என்பதால், முன் சக்கரத்தின் மையம் தரையிலிருந்து ஏறத்தாழ 12½ அங்குலத்திலும் பின் ஆக்சிலின் மையம் 15 அங்குலத்திலும் நிற்கும். சட்டகத்தின் அடிப்பக்கம் 6 அங்குலத்தில் இருக்கட்டும். பின் ஆக்சில் குழாயின் விட்டம் 3 அங்குலம் என்றால் அதன் மேல்விளிம்பு 16½ அங்குலத்தில் வரும். அது மேலே எழும்ப 3 அங்குலமும் ரப்பர் தடுப்புக்கு 1 அங்குலமும் கூட்டினால் 20½. ஆக, ஆக்சிலுக்கு மேலே போகும் சட்டத்தின் அடிப்பக்கம் 20½ அங்குலத்திலும் இருக்கைக்குக் கீழே போகும் சட்டத்தின் அடிப்பக்கம் 6 அங்குலத்திலும் இருக்க வேண்டும். இடையிலுள்ள 14½ அங்குலத்தை ஒரு படி போல ஏற்றிக் கட்ட வேண்டும். ‘இஸட்’ வெட்டு என்று சொல்லப்படுவது இதுதான். சட்டகத்தை உயரமாக விட்டுவிட்டு உடலை மட்டும் அதன்மேல் இறக்கிப் பொருத்தும் முறையும் உண்டு. ஆனால் அதில் தரைத்தகடு உயர்ந்து, ஓட்டுபவருக்குக் காலிடம் இல்லாமல் போகும். இரண்டையும் கலந்து செய்பவர்கள் உடலை மரக்கட்டைகளின் மேல் வைத்து, உள்ளே ஒருவரை உட்கார வைத்து, பெடலுக்குக் கால் எட்டுகிறதா, முழங்கால் ஸ்டீயரிங்கில் இடிக்கிறதா என்று பார்த்த பிறகே குழாயை அறுக்க வேண்டும்.

எவ்வளவு தாழ்த்தலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அதில் சமரசமே கூடாது. ஒரு சக்கரத்தின் ரிம் அடி விளிம்பிலிருந்து எதிர்ப்பக்கச் சக்கரம் தரையைத் தொடும் இடம் வரை நூல் பிடியுங்கள். அதேபோல முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலும் பிடியுங்கள். ஆயில் சம்ப் (என்ஜினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டி), சைலன்சர், போல்ட் முனை என எதுவும் அந்த நூலுக்குக் கீழே தொங்கக் கூடாது. ஒரு டயர் காற்றிழந்து ரிம் தரையில் உட்காரும்போது, நூலுக்குக் கீழே இருக்கும் பொருள் சாலையில் உரசும். அது ஸ்டீயரிங் இணைப்பாகவோ பிரேக் குழாயாகவோ இருந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

சட்டகத்தைக் கட்ட ரசமட்டம் பார்த்து நிறுத்திய கனமான எஃகு மேசை வேண்டும். கான்கிரீட் தரையை நம்ப வேண்டாம். பெரும்பாலான தரைகள் நீர் வடிவதற்காகச் சாய்வாகவே போடப்பட்டவை. மேசையின் நடுவே ஒரு மையக்கோடு இழுத்து, ஆக்சில்கள் வரும் இடங்களை அதற்குச் செங்குத்தாகக் குறித்து, இனி எடுக்கும் ஒவ்வோர் அளவையும் அந்தக் கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். குழாயின் சுவர் தடிமன் 3/16 அங்குலம் இருந்தால் இணைப்புகள் வலுவாக அமையும். நீளச்சட்டங்களையும் குறுக்குச்சட்டங்களையும் கவ்விகளால் இறுக்கி, முதலில் டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு புள்ளி வெல்ட்) மட்டும் வைத்து, மூலைக்கு மூலை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே 1/16 அங்குலத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால், டேக்கை வெட்டிவிட்டு மறுபடி நிறுத்துவதே வழி.

முழு வெல்டிங்கை அவசரப்படாமல் செய்ய வேண்டும். வெல்ட் ஆறும்போது சுருங்கி, சட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும். ஒரே பக்கத்தில் நீளமாக ஓட்டிக்கொண்டே போனால் நேரான சட்டம் வில்லாக வளைந்துவிடும். ஆகவே 2 அங்குலம் ஒரு பக்கம், அடுத்தது நேர் எதிர்ப்பக்கம் என்று மாறி மாறி ஓட்டி, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே அடுத்த இடத்தைத் தொட வேண்டும். இஸட் வெட்டின் மூட்டுகளுக்குத் தனிக் கவனம் தேவை. வெட்டிய இடத்தில் நேர்க்குத்தாக ஒரே வெல்ட் வரியை மட்டும் விட்டுவிட்டால் சட்டம் முறிவதற்கு நாமே கோடு போட்டுக் கொடுத்ததாகும். அதன் மேல் சாய்சதுர வடிவில் ஒரு தகட்டை வைத்து, அதன் சரிந்த விளிம்புகளில் வெல்ட் செய்தால் பாரம் பரவும். பாரம் தாங்கும் வெல்டுகளை அழகுக்காகக் கிரைண்டரில் தேய்த்துச் சமமாக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. தேய்ப்பதில் போவது வலுதான். வெல்டிங்கில் நல்ல கை இல்லாதவர் டேக் வரை தாமே செய்துவிட்டு, மற்றதைச் சான்று பெற்ற வெல்டரிடம் கொடுத்துவிடலாம்.

இனி முன்பக்கம், தாழ்ந்த காரில் மிக அதிகமாகச் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. வழக்கமான ஃபோர்டு அமைப்பில் குறுக்குச்சட்டத்துக்குக் கீழே குறுக்கு ஸ்பிரிங் பட்டையும் அதற்குக் கீழே ஆக்சிலும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். நடுவில் 4 அங்குலம் தாழ வளைந்த ஆக்சிலைப் போட்டாலும், இந்த அடுக்கு இருக்கும்வரை சட்டகம் 6 அங்குலத்துக்கு வராது. எனவே ஆக்சிலையும் ஸ்பிரிங்கையும் முன் குறுக்குச்சட்டத்துக்கு முன்னால் தள்ளி, அங்கிருந்து நீட்டிய ஒரு தாங்கியில் ஸ்பிரிங்கைத் தொங்கவிடுகிறார்கள். இதற்கு ‘சூசைட்’ முன்பக்கம் என்று பெயர் வந்ததற்குக் காரணம் உண்டு: தாங்கி முறிந்தால் காரின் மூக்கு நேராகத் தரையில் குத்தும். தாங்கியை ½ அங்குலத் தகட்டில் செய்து, குறுக்குச்சட்டத்தின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டாமல் அதன் மேலும் கீழும் பிடிக்கும்படி நீட்டி, இரு பக்கமும் முக்கோணத் தாங்குதகடு கொடுத்தால் இந்த அமைப்பை நம்பி ஓட்டலாம்.

ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் தண்டுகளைத் தேர்ந்தெடுப்பதில் பலர் தோற்றத்தை மட்டும் பார்க்கிறார்கள். பக்கத்துக்கு ஒன்றாக வரும் கொண்டை ஊசி வடிவத் தண்டு, ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது ஆக்சிலை முறுக்கும். ஐ-வடிவ ஆக்சில் அந்த முறுக்குக்கு இணங்கிக்கொடுக்கும். குழாய் ஆக்சில் இணங்காது, அதனால் ஏதாவது ஒரு தாங்கியில் விரிசல் விழும். குழாய் ஆக்சில் போடுபவர் பக்கத்துக்கு இரண்டாக வரும் நான்கு தண்டு அமைப்பையே போட வேண்டும். காஸ்டர் சாய்வை (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணம்) 5 முதல் 7 டிகிரிக்குள், கார் தன் உயரத்தில் நிற்கும் நிலையில் வைத்து, அதன் பிறகே தாங்கிகளை டேக் செய்ய வேண்டும்.

ஸ்டீயரிங்குக்கு 1971 முதல் 1977 வரை வந்த ஷெவ்ரலே வேகாவின் கியர்பெட்டி பலருக்கும் பிடித்தது. சிறியது, எதிர்ப்பக்கச் சக்கரத்தைக் குறுக்காகத் தள்ளும் அமைப்புக்கு ஏற்றது. குறுக்காகத் தள்ளும்போது, ஷாக்கிளில் (ஸ்பிரிங்கின் முனையைத் தாங்கும் ஆடும் இணைப்பு) ஆடும் ஸ்பிரிங், சக்கரம் திரும்புவதற்கு முன்பே ஆக்சிலைப் பக்கவாட்டில் நகரவிடும் என்பதால் ஆக்சிலைச் சட்டகத்தோடு குறுக்காக இணைத்துப் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் தண்டு கட்டாயம் வேண்டும். அதன் நீளமும் சாய்வும் ஸ்டீயரிங் இழுதண்டின் நீளத்துக்கும் சாய்வுக்கும் நெருங்கி இருந்தால்தான் குழியில் இறங்கும்போது கார் தானாகத் திரும்பாது.

பின்பக்கத்துக்கு 9 அங்குல ஃபோர்டு ஆக்சிலும், மேல் தண்டுகள் முக்கோணமாகச் சரிந்த நான்கு தண்டு அமைப்பும், காயில்ஓவரும் (ஷாக்கைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் அமைந்த ஒரே தொகுப்பு) போதும். இதில் பான்ஹார்ட் தேவைப்படாது. காயில்ஓவரை அதிகம் சாய்க்க வேண்டாம். 30 டிகிரி சாய்த்தால் அதன் விறைப்பில் முக்கால் பங்குதான் வேலை செய்யும்.

என்ஜினின் சம்ப் சட்டகத்தின் அடிப்பக்கத்துக்குக் கீழே இறங்காமல், பின்பக்கம் 3 டிகிரி தாழ்ந்தபடி என்ஜினை உட்கார வையுங்கள். பின் ஆக்சிலின் பினியன் (ஷாஃப்டிலிருந்து சுழற்சியை வாங்கும் பல்சக்கரம்) அதே 3 டிகிரி மேல்நோக்கி நின்றால் இரண்டு அச்சுக்கோடுகளும் இணையாக இருக்கும். இடையில் ஓடும் ஷாஃப்டோடு அதன் முனைகளிலுள்ள ஒவ்வொரு யூ-ஜாயின்டும் (வளைந்து சுழலும் மூட்டு) 1 முதல் 3 டிகிரி கோணம் செய்வது நல்லது. கோணமே இல்லாவிட்டால் அதிலுள்ள ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் தேயும்.

பிரேக்கில் தாழ்ந்த காருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பெடல் மிதிக்கும்போது பிரேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் தரைத்தகட்டுக்குக் கீழே, சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரைவிடத் தாழ்வாக அமைவதால் திரவம் பின்னோக்கி வடிந்து, பெடல் முதல் மிதிக்கு வெறுமையாக இறங்கும். டிஸ்க் பக்கத்துக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் பக்கத்துக்கு 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) எச்ச அழுத்த வால்வு, அதாவது குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் தக்கவைக்கும் வால்வு, போட்டால் இது தீரும். மாஸ்டர் சிலிண்டர் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை கொண்டதாக இருக்கட்டும். குழாய்களுக்கு வெறும் செம்பைப் பயன்படுத்தக் கூடாது. எஃகு அல்லது செம்பு-நிக்கல் குழாய்தான், முனைகள் இரட்டை மடிப்பாக.

இவ்வளவும் டேக் நிலையில் பொருந்திய பின், எல்லாவற்றையும் கழற்றி, மீதி வெல்டை முடித்து, அளவுகளை மறுபடி சரிபார்த்து, அதன் பிறகே பெயின்ட் அடிக்க வேண்டும். முதல் ஓட்டம் நடை வேகத்தில், பிரேக்கை மட்டும் சோதிப்பதற்காக இருக்கட்டும். முதல் 100 மைலுக்குள் ஸ்பிரிங், தண்டுகள், ஸ்டீயரிங் ஆகியவற்றின் போல்ட்டுகளை முறுக்குக் கருவியால் மறுபடி பாருங்கள். ஒவ்வொரு ஷாக் தண்டிலும் ஒரு பிளாஸ்டிக் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு ஓட்டினால், சக்கரம் எவ்வளவு எழும்பியது என்பதை அது நகர்ந்து நிற்கும் இடம் காட்டும். சாதாரணச் சாலையிலேயே பட்டை தடுப்பு ரப்பர் வரை தள்ளப்பட்டிருந்தால், உயரத்தை ஏற்றுவதற்கு முன்பு ஒரு படி விறைப்பான ஸ்பிரிங்கைப் போட்டு மறுபடி அளந்து பாருங்கள்.