சித்திக்கு ஒரு குளிர்த்தொப்பி பின்னுவது எப்படி

தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். நுவரெலியாப் பக்கம் விடியலில் எழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, ஜனவரி, பெப்ரவரியில் சில நாள் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும். அந்த நேரத்தில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடத்துக்கு, போகிற என் சித்திக்காகத்தான் இந்தத் தொப்பியைப் பின்னினேன். டவுன் கடையிலும் தொப்பி கிடைக்கும், ஆனால் உச்சியில் நூல் பந்து வைத்தது கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டுகிறவருக்கு உறுத்தும். போடுகிறவரின் தலையையும் வேலையையும் பார்த்து நாமே பின்னினால் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் அளவு. சொல்லாமல் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சாக்கில் ஒரு நூலை நெற்றியிலிருந்து காதுக்கு மேலாகச் சுற்றி அளந்துகொள்ளுங்கள். கீழே உள்ள கணக்கு 54 சென்டிமீட்டர் தலைக்கு. பின்னல் இழுபடும் என்பதால் தொப்பி தலையைவிட 5 சென்டிமீட்டர் சின்னதாக இருக்க வேண்டும்.

நடுத்தரத் தடிப்பில் 100 கிராம் நூல், 5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பின்னல் ஊசி ஒரு சோடி போதும். அசல் கம்பளி நல்ல சூடுதான், ஆனால் சுடுநீரில் போட்டால் சுருங்கிவிடும், மழை நாளில் லேசில் காயவும் காயாது. தினமும் போடுகிற தொப்பிக்கு நான் அக்ரிலிக்தான் எடுப்பேன்.

மாதிரித் துண்டு பின்னாமல் தொடங்காதீர்கள். நான் பின்னிய முதல் தொப்பி கண்ணை மறைத்துக்கொண்டு விழுந்தது, மூன்று இரவு வேலையைப் பிரிக்க வேண்டியதாயிற்று. 24 கண்ணி (ஊசியில் விழும் நூல் வளையம்) போட்டு, ஒரு வரி நிட் (நேர்ப் பின்னல்), மறு வரி பர்ல் (எதிர்ப் பின்னல்) என்று ஒரு சாண் அளவுக்குப் பின்னி, நடுவில் 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். 18 வர வேண்டும். கூட வந்தால் பெரிய ஊசி, குறைந்தால் சின்ன ஊசி.

சரி, இப்போது தொப்பி. இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து 90 கண்ணி போடுங்கள், அப்போதுதான் விளிம்பு இறுகாமல் நெற்றியில் தடம் பதியாமல் இருக்கும். பிறகு ஓர் ஊசியை உருவிவிட்டு, இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று மாறி மாறிப் போய் இரண்டு நிட்டில் வரியை முடியுங்கள். திரும்பி வரும் வரியில் இரண்டு பர்லில் தொடங்கி இரண்டு பர்லில் முடியும். இப்படி 6 சென்டிமீட்டர். அதற்கு மேல் மாதிரித் துண்டைப் போலவே, அடியிலிருந்து 16 சென்டிமீட்டர் வரும்வரை.

உச்சியைக் குறைப்பதில்தான் கவனம் வேண்டும். முதலில் ஒரு கண்ணி நிட், பிறகு ஆறு கண்ணி நிட் போட்டு அடுத்த இரண்டைச் சேர்த்து ஒன்றாக நிட், இதையே 11 தடவை, கடைசிக் கண்ணி நிட். 79 கண்ணி மிஞ்சும். திரும்பும் வரி முழுக்க பர்ல். அடுத்த நிட் வரியில் ஆறுக்குப் பதில் ஐந்து, அதற்கடுத்து நான்கு என்று குறைத்துக்கொண்டே போனால் 68, 57, 46, 35, 24 என்று இறங்கி, இரண்டிரண்டாகச் சேர்க்கும் கடைசி வரியில் 13 நிற்கும். எண்ணிக்கை தப்பினால் அந்த வரியிலேயே பிரித்துவிடுங்கள், அடுத்த வரியில் சமாளிக்கலாம் என்று விட்டால் உச்சி கோணிக்கொள்ளும்.

நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தடித்த தையல் ஊசியில் கோத்து, 13 கண்ணிக்குள்ளும் ஓட்டி இறுக்கி இழுங்கள். அதே நூலால் பக்கத்தைத் தைக்கும்போது ஒவ்வோர் ஓரத்திலும் ஒரு கண்ணியை மட்டும் உள்ளே வாங்குங்கள், விளிம்பின் வரிகள் பொருந்திக்கொள்ளும். உச்சியில் முடிச்சு போட வேண்டாம், கயிறு அழுத்துகிற இடம் அதுதான்; நூல் நுனியைத் தையல் ஓரமாகவே உள்ளே ஓட்டிவிடுங்கள். போடும்போது தையல் பிடரிப் பக்கம் இருக்கட்டும்.

வாங்குகிறவருக்குக் காதுவலி உண்டென்றால் விளிம்பை 6க்குப் பதில் 12 சென்டிமீட்டர் பின்னி மடித்துவிடுங்கள். அப்போது உச்சியை 22இல் குறைக்கத் தொடங்க வேண்டும், நூலும் 150 கிராம் வாங்கிவிடுங்கள்.