யாரோ அனுப்பும் ஸ்பாம் நம் சர்வர் வழியாகப் போகாமல் அடைப்பது எப்படி? போஸ்ட்ஃபிக்ஸ் செய்முறை

திருப்பூர் அவிநாசி ரோட்டுப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியின் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். ஒருநாள் காலையில் மெர்ச்சண்டைசர் கூப்பிட்டார். "ஏனுங்க, பையருக்குப் போட்ட பேக்கிங் லிஸ்ட் திரும்பி வந்துருச்சுங்க. கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாச்சு." எங்கள் சர்வரில் மெயில் அனுப்பும் மென்பொருள் போஸ்ட்ஃபிக்ஸ். அதன் கியூவை, அதாவது வெளியே போகக் காத்திருக்கும் மெயில்களின் வரிசையைத் திறந்தால், எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத மெயில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. யாரோ யாருக்கோ எங்கள் சர்வர் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இதைத்தான் ஓப்பன் ரிலே என்கிறோம். ஐபி பிளாக்லிஸ்டில் ஏறிவிட்டால் நம் நல்ல மெயிலையும் எதிர்ப்பக்கம் வாங்காது.

சர்வர் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி. அனுப்புவது நம் ஆளா? இல்லையென்றால், பெறுபவராவது நம் டொமைனில் இருக்கிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் மெயிலை வாங்கவே கூடாது.

1. இடிசி போஸ்ட்ஃபிக்ஸ் ஃபோல்டரில் உள்ள மெயின் டாட் சிஎஃப் ஃபைலை முதலில் ஒரு காப்பி எடுத்து வையுங்கள். கீழே வரும் பெயர்களை ஃபைலில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். தனித்தனியாக எழுதியிருக்கும் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் வரும்.

2. மைநெட்வொர்க்ஸ் என்ற வரியைப் பாருங்கள். இதில் இருக்கும் முகவரிகளிலிருந்து வந்தால் பாஸ்வேர்ட் இல்லாமலே மெயில் வெளியே போகும். எங்களுடையதில் 192.168.1.0/24 என்று இருந்தது. ஆபீஸ் நெட்வொர்க்தானே, சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மெயில் லாகை வரி வரியாகப் படித்தபோதுதான் பிடிபட்டது: வெளியிலிருந்து வந்த எல்லா இணைப்பும் 192.168.1.1 என்றே பதிவாகியிருந்தது. அது எங்கள் ரவுட்டரின் முகவரி. போர்ட் ஃபார்வர்ட் செய்யும்போது, அதாவது வெளி இணைப்பைச் சர்வருக்குத் திருப்பிவிடும்போது, ரவுட்டர் தன் முகவரியை ஒட்டி உள்ளே அனுப்பியதால், உலகமே ஆபீஸ் ஆளாகத் தெரிந்திருக்கிறது!

அதனால் 127.0.0.0/8 மட்டும் வையுங்கள். அது சர்வர் தன்னையே குறிக்கும் முகவரி. ஸ்கேனர் மெயில் அனுப்ப வேண்டுமென்றால் அந்த ஒரு முகவரியை மட்டும் /32 போட்டுச் சேருங்கள். ரவுட்டரின் அந்தக் கோளாறையும் சரிசெய்துவிடுங்கள்.

3. எஸ்எம்டிபிடி ரிலே ரெஸ்ட்ரிக்ஷன்ஸ் என்ற வரியில் இந்த மூன்றும் இதே வரிசையில் வர வேண்டும்: பெர்மிட் மைநெட்வொர்க்ஸ் (இரண்டாம் படியில் பார்த்த முகவரிகளை விடு), பெர்மிட் சாசல் ஆதென்டிகேட்டட் (பாஸ்வேர்ட் கொடுத்து நுழைந்தவரை விடு), ரிஜெக்ட் அன்ஆத் டெஸ்டினேஷன் (பெறுபவர் நம் டொமைனில் இல்லையென்றால் மறு). போஸ்ட்ஃபிக்ஸ் இடமிருந்து படித்துக்கொண்டே போய், பொருந்தும் முதல் விதியோடு நின்றுவிடும். வெளி ஆளைத் தடுக்கும் தாழ்ப்பாள் கடைசி விதிதான், அதை விட்டுவிடாதீர்கள். இந்த வரி 2.10 பதிப்பிலிருந்துதான் உண்டு.

4. ஊழியர்கள் மெயில் அனுப்ப 587 போர்ட், பாஸ்வேர்டோடு. எஸ்எம்டிபிடி டிஎல்எஸ் ஆத் ஒன்லி என்பதற்கு யெஸ் (ஆம்) கொடுங்கள். பாஸ்வேர்ட் மறையாக்கம் இல்லாமல் போகாது. எளிதில் ஊகிக்கிற பாஸ்வேர்ட் ஒருவரிடம் இருந்தாலும் ஸ்பாம்காரன் நம் ஆளாகவே நுழைந்துவிடுவான், எனவே எல்லாருடையதையும் மாற்றச் சொல்லுங்கள்.

5. போஸ்ட்ஃபிக்ஸ் செக் என்ற கட்டளையை அடித்து ஃபைலில் பிழை இருக்கிறதா என்று பாருங்கள், அப்புறம் மாற்றம் நடைமுறைக்கு வர போஸ்ட்ஃபிக்ஸ் ரீலோட்.

6. இப்போது சோதனை. ஆபீஸுக்குள் உட்கார்ந்து சோதிப்பதில் பயனில்லை. வெளியே வேறொரு சர்வரிலிருந்து 25 போர்ட்டுக்கு (சர்வர்கள் தங்களுக்குள் மெயில் கொடுக்கும் வாசல்) டெல்நெட் கட்டளை போட்டு இணையுங்கள். வீட்டு பிராட்பேண்டில் பல நேரம் 25 அடைத்தே இருக்கும். இணைப்பு கிடைக்காததை வைத்து நம் சர்வர் பத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஹெலோ சொல்லி, மெயில் ஃப்ரம் (அனுப்புபவர்), ஆர்சிபிடி டூ (பெறுபவர்) இரண்டிலும் வெளி டொமைன் முகவரி கொடுங்கள். ஆர்சிபிடி டூ அடித்ததும் 554 5.7.1, ரிலே ஆக்ஸஸ் டினைட் என்று வந்தால் அடைபட்டது. அங்கே 250 (சரி என்ற பதில்) வந்தால் இன்னும் திறந்தே கிடக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். பிறகு நம் டொமைன் முகவரி ஒன்றை ஆர்சிபிடி டூவில் கொடுத்தால் 250 வர வேண்டும்.

7. கியூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். கதவு திறந்திருக்கும்போது துடைத்தால் மறுபடி நிறையும். போஸ்ட்சூப்பர் மைனஸ் டி ஆல் என்று அடித்தால் எல்லாம் போய்விடும், பையருக்குப் போக வேண்டிய இன்வாய்ஸும் சேர்த்து. முதலில் போஸ்ட்கியூ மைனஸ் பி போட்டு நம் டொமைன் மெயில்களின் கியூ ஐடியை (ஒவ்வொரு மெயிலுக்கும் முன்னால் வரும் அடையாளக் குறி) குறித்துக்கொண்டு, மற்றதை மட்டும் நீக்குங்கள். அதற்குப் பிறகு ஸ்பாம்ஹாஸ் போன்ற பிளாக்லிஸ்டுகளில் நம் ஐபி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் நீக்கச் சொல்லி விண்ணப்பியுங்கள்.