சமையல் ஆவணப்படம் பார்க்கிறீர்களா? கையில் பேனா இருக்கட்டும்

உணவு ஆவணப்படங்களில் அளவோடு கூடிய செய்முறையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். சமைப்பவர் எப்படி யோசிக்கிறார் என்று கவனியுங்கள், அதுதான் வீட்டுக்கு உதவும்.

'எல் புல்லி: குக்கிங் இன் ப்ரோக்ரஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எல் புல்லி என்பது ஸ்பெயினின் கேட்டலோனியாவில் சமையல் கலைஞர் ஃபெரான் அட்ரியா நடத்திய உணவகம். வருடத்தில் பாதி மாதங்கள் கடையைப் பூட்டிவிட்டு, பார்சிலோனாவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் புது உணவுகளைத் தேடுவார்கள். ஒரே காளானையோ கிழங்கையோ பல விதமாகச் சமைத்து, ருசி பார்த்து, படம் பிடித்து, குறிப்பு எழுதி வைப்பார்கள். பின்னணிக் குரல் கிடையாது, கொஞ்சம் மெதுவாகவே போகும். பொறுமை வேண்டும்.

அவர்களிடம் இருந்த கருவிகள் நமக்குத் தேவையில்லை. அந்த முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு சர்க்கரைவள்ளிக் கிழங்கை நான்காக நறுக்கி, ஒன்றை வேகவையுங்கள், ஒன்றை ஆவியில் வையுங்கள், ஒன்றைச் சுடுங்கள், ஒன்றை எண்ணெயில் வதக்குங்கள். உப்பைத் தவிர வேறெதுவும் சேர்க்க வேண்டாம். அடுத்தடுத்து ருசித்து, எது இனிப்பு, எது மாவாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதுங்கள். சுட்டதுதான் ஜெயிக்கும் என்பது என் கணிப்பு.

அடுத்து 'ஜிரோ ட்ரீம்ஸ் ஆஃப் சுஷி' பாருங்கள். சுஷி என்ற ஜப்பானிய உணவைச் செய்யும் ஜிரோவின் சிறு டோக்கியோ கடையைப் பற்றிய படம் அது. அங்கே ஆக்டோபஸை மென்மையாக்க 40, 50 நிமிடம் கையால் பிசைகிறார்கள். அப்புறம், சாப்பிட்டுவிட்டுப் பார்க்க உட்காருங்கள். வெறும் வயிற்றில் குறிப்பெடுக்க மனம் வராது.