தண்ணீர்க் கட்டணம் கூடியபோது பார்த்த மூன்று கூறுகள்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தண்ணீர்க் கட்டணம் திடீரெனக் கூடியபோது, மொத்தத் தொகையை விட்டுவிட்டு, அதை உண்டாக்கும் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். மாதம் 40 கன மீட்டருக்குள் பயன்படுத்தும் வீட்டிற்கு, 2025 ஏப்ரல் முதல் ஒரு கன மீட்டர், அதாவது 1000 லிட்டர், தண்ணீரின் விலை 1.43 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதன் மேல் தண்ணீர்ச் சேமிப்பு வரி 0.72, கழிவுநீருக்கான கட்டணம் 1.09, ஆக மொத்தம் 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி தனி. குழாயில் வரும் தண்ணீரின் விலை இதில் பாதிகூட இல்லை என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

கழிவுநீருக்கெனத் தனி மீட்டர் கிடையாது. உள்ளே வரும் தண்ணீரின் அளவே அதற்கும் கணக்கு. ஆகவே வீணாக ஒழுகும் ஒவ்வொரு லிட்டருக்கும் மூன்று கூறுகளிலும் பணம் போகிறது.

அடுத்து, அந்த மாதக் கட்டணம் மீட்டரைப் படித்துப் போட்டதா, மதிப்பீடா என்று பார்த்தேன். மதிப்பீடாக இருந்திருந்தால் அடுத்த வாசிப்பில் தானே சரியாகியிருக்கும். ஆனால் அது படித்த அளவுதான். இரவில் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு வாசலருகே உள்ள மீட்டரைக் கவனித்தேன். முள் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. கழிப்பறைத் தொட்டியில் சிறிது உணவுச் சாயத்தைக் கலந்து, தண்ணீர் திறக்காமல் அரை மணி நேரம் காத்திருந்தபோது, கீழே கிண்ணத்தில் நிறம் தெரிந்தது. தொட்டியின் அடியில் தேய்ந்திருந்த ரப்பர் அடைப்பானை மாற்றியதும் முள் நின்றுவிட்டது.