நேபாளம் முதல் முறையா? பாதையை இப்படிப் போடுங்கள்

நேபாளம் என்றதும் பலருக்கும் எவரெஸ்ட்தான் நினைவுக்கு வரும். ஒரு மலைகூட ஏறாமல் பத்து நாள் சுற்றவும் அங்கே இடம் இருக்கிறது: மல்ல மன்னர்களின் நகரங்கள், மலைமுகட்டுக் கடைவீதிகள், காண்டாமிருகம் உலாவும் காடு. சிக்கல் சாலையில்தான். காத்மாண்டுவிலிருந்து பொக்காரா 200 கிலோமீட்டர்; பேருந்தில் ஏழெட்டு மணி நேரம் ஆகும், சாலைப் பணி நடந்தால் இன்னும் கூடும். அதனால் எந்த ஊருக்குப் பின் எந்த ஊர் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். காத்மாண்டு, பந்திபூர், பொக்காரா, சித்வன். இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறைவு.

படி 1: மாதம்

பனிமலை தெளிவாகத் தெரிய வேண்டுமா, அக்டோபர் அல்லது நவம்பர். காடுதான் முக்கியம் என்றால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை. அதற்குள் சித்வன் காட்டில் ஆளுயரப் புல்லை வெட்டி எரித்திருப்பார்கள், விலங்குகள் ஒளிய இடம் குறையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மண்சரிவு, தவிர்த்துவிடுங்கள். நம் நவராத்திரி சமயத்தில் அங்கே தசைன் திருவிழா. பேருந்துகள் நிரம்பி வழியும், பல கடைகள் பூட்டியிருக்கும்.

படி 2: ஆவணமும் பணமும்

இந்தியர்களுக்கு விசா தேவையில்லை. ஆனால் விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும்; ஆதாரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். இலங்கையர்கள் காத்மாண்டு விமான நிலையத்தில் இறங்கியதும் விசா வாங்கிக்கொள்ளலாம். நினைவுச்சின்னங்களில் சார்க் (தெற்காசிய) நாட்டவருக்குக் கட்டணம் குறைவு, அடையாள அட்டை கையிலேயே இருக்கட்டும்.

100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய். இது நிலையான மதிப்பு. கடைக்காரர் விலை சொன்னதும் "ஐ.சி.யா, என்.சி.யா?" என்று கேட்டுவிடுங்கள். ஐ.சி. என்றால் நம் பணம், என்.சி. என்றால் அவர்கள் பணம். கேட்காமல் விட்டால் கணக்கு உதைக்கும். இந்திய நோட்டு கொண்டுபோவதானால் 100 ரூபாய்த் தாள்களே சிக்கல் இல்லாதவை.

கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். வார விடுமுறை சனிக்கிழமை.

படி 3: காத்மாண்டு பள்ளத்தாக்கு, மூன்று இரவு

டெல்லியிலிருந்து பறந்தால் இடப்பக்க சன்னல் கேளுங்கள், இமயமலைத் தொடர் அந்தப் பக்கம்தான்.

எல்லோரும் தங்குவது காத்மாண்டுவின் சுற்றுலாப் பகுதியான தமேலில். நான் சொல்வது, ஒரு இரவாவது பள்ளத்தாக்கின் பழைய நகரமான பக்தபூரில் தங்குங்கள். பகல் கூட்டம் கலைந்தபின் அந்தச் செங்கல் தெருக்களில் நடப்பதே தனிச் சுகம். 1702-இல் பூபதீந்திர மல்லன் கட்டிய ஐந்து அடுக்கு ஞாதபோல கோயில் இங்கேதான் இருக்கிறது. படிக்கட்டின் இருபுறமும் காவலர் சிலைகளைக் கீழிருந்து பாருங்கள்: முதலில் இரு மல்யுத்த வீரர்கள், மேலே யானைகள், அப்புறம் சிங்கங்கள், நம் யாளிக்கு உறவான ஒரு விலங்கு, உச்சியில் இரு தேவியர். மல்யுத்த வீரர்கள் சாதாரண மனிதனைவிடப் பத்து மடங்கு பலசாலிகள். அதற்கு மேல் ஒவ்வொரு ஜோடியும் தனக்குக் கீழே உள்ளதைப் போலப் பத்து மடங்கு. 1934, 2015 நிலநடுக்கங்கள் இரண்டையும் தாங்கி நின்ற கோயில் இது. இறங்கி வந்து, மண்சட்டியில் உறைந்த ஜூஜு தௌ என்ற தயிரைச் சாப்பிடாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள்.

பள்ளத்தாக்கின் இன்னொரு பழைய நகரமான பாடனில் கல்லால் ஆன கிருஷ்ணர் கோயிலும் அருங்காட்சியகமும் அரை நாளுக்கு. பசுபதிநாதர் கோயிலில் கருவறைப் பூசை செய்பவர்கள் வழிவழியாகக் கர்நாடகத்திலிருந்து வரும் பட்டர்கள். பின்னால் பாக்மதிக் கரையில் சிதைகள் எரியும், அங்கே கேமராவை உள்ளே வையுங்கள்.

படி 4: பந்திபூர், ஒரு இரவு

பொக்காரா போகும் காலை டூரிஸ்ட் பஸ்ஸில் வலப்பக்கம் உட்காருங்கள். திரிசூலி ஆறு கூடவே வரும். டும்ரேயில் இறங்கி ஜீப்பில் 8 கிலோமீட்டர் ஏறினால் பந்திபூர். ஒருகாலத்தில் நேவார் இன வணிகர்களின் ஊர். நெடுஞ்சாலை கீழே போனதும் வியாபாரமும் கீழே இறங்கிவிட்டது, பழைய வீடுகள் இடிபடாமல் பிழைத்தன. கடைவீதிக்குள் வண்டி வராது. பலரும் இந்த ஊரைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அவர்களுக்குத்தான் நஷ்டம்.

படி 5: பொக்காரா, இரண்டு இரவு

விடியலில் சாரங்கோட் குன்று, மாலையில் பேவா ஏரியில் படகு. பத்து மணிக்குமேல் மலையை மேகம் மூடிவிடும், சோம்பலாக எழுந்தால் மச்சபுச்ரே சிகரத்தைப் பார்க்க முடியாமலே போகலாம்.

படி 6: சித்வன், இரண்டு இரவு

சௌராஹாவில் தங்குங்கள், ரப்தி ஆற்றுக்கு அக்கரை காடு. இந்தக் காடு தேசியப் பூங்காவானது 1973-இல். 2021 கணக்கெடுப்பில் நேபாளத்தின் 752 காண்டாமிருகங்களில் 694 இங்கேதான் இருந்தன. சில சமயம் ஊருக்குள்ளேயே ஒன்று நடந்து வரும். செல்ஃபிக்காகக் கிட்டே போகாதீர்கள்.

ஜீப் சவாரியில் தூரம் அதிகம் போகலாம். எனக்குப் பிடித்தது காலையில் படகில் போய், நடந்து திரும்புவது. ஒரே இலவ மரத்தைக் குடைந்த ஒடுக்கமான படகு அது. அசையாமல் உட்கார வேண்டும். கரையில் மூக்கு நீண்ட கரியால் முதலைகள் வெயில் காயும். நடக்கும்போது முன்னால் ஒரு வழிகாட்டி, பின்னால் ஒருவர், கையில் மூங்கில் தடி மட்டும். கிளம்பும் முன்பே சொல்லித் தருவார்கள்: காண்டாமிருகத்துக்குப் பார்வை மந்தம், மோப்பம் கூர்மை. துரத்தினால் வளைந்து வளைந்து ஓடி மரம் ஏறு, இல்லையென்றால் பருத்த அடிமரத்துக்குப் பின்னால் ஒளி. பளிச்சென்ற சட்டை வேண்டாம். யானைச் சவாரியை விட்டுவிடுங்கள், அந்த யானைகளைப் பழக்கும் விதம் கொடுமையானது.

புலிதான் வேண்டும் என்பவர்கள் மேற்கே பர்தியா தேசியப் பூங்காவுக்குப் போகலாம். அதற்குத் தனியாக நான்கு நாளாவது ஒதுக்குங்கள்.

படி 7: வெளியேறுதல்

பக்கத்தில் உள்ள பரத்பூரிலிருந்து காத்மாண்டுவுக்குச் சிறிய விமானம் உண்டு. ரயிலில் ஊர் திரும்புவதானால் எல்லை ஊரான பீர்கஞ்ச் வழியாக, இந்தியப் பக்கம் உள்ள ரக்சௌல் ரயில் நிலையம். பேருந்தில் காத்மாண்டு திரும்புபவர்கள் விமானத்துக்கு முந்தின நாளே போய்ச் சேர்ந்துவிடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் வைக்காதீர்கள்.