சொந்த மேட்ரிக்ஸ் சர்வர்: திருத்த முடியாத தவறுகள் முதலில்

மேட்ரிக்ஸ் என்பது வெவ்வேறு சர்வர்களில் இருப்பவர்களும் ஒருவரோடொருவர் பேசக்கூடிய திறந்த அரட்டை வலையமைப்பு. அதில் சொந்த சர்வர் போட நினைப்பவர்கள் பெரும்பாலும் சினாப்ஸ் என்ற சர்வர் மென்பொருளைத்தான் எடுக்கிறார்கள். நிறுவுவது ஒரு மாலை நேர வேலை. அந்த வேகத்தில் செய்யும் தவறுகளில் பலவற்றைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். சிலவற்றை முடியாது.

முதலில் பெயர். சினாப்ஸின் அமைப்புக் கோப்பில் சர்வர் பெயருக்கென்று ஒரு வரி இருக்கும். முதல் முறை நான் சினாப்ஸ் ஓடும் 'சாட்' துணை டொமைனையே அங்கே எழுதிவிட்டேன். எல்லோருடைய முகவரியிலும் அந்த 'சாட்' ஒட்டிக்கொண்டது. பயனர் பெயர், அறைகள், பழைய செய்திகள் என்று எல்லாவற்றிலும் பதிந்துவிடுவதால் அதைப் பிறகு மாற்ற வழியே இல்லை. கடைசியில் புதிதாக நிறுவி, பதினைந்து பேரையும் மறுபடி கணக்குத் தொடங்கச் சொன்னேன். மின்னஞ்சல் முகவரியில் வருவது போல வெறும் டொமைனையே கொடுங்கள். சர்வர் உண்மையில் எங்கே ஓடுகிறது என்பதை அந்த டொமைனில் வைக்கும் 'வெல்-நோன்' கோப்பு மற்ற சர்வர்களுக்குச் சொல்லிவிடும். அதுவும் இல்லை, அதே வேலையைச் செய்யும் டிஎன்எஸ் எஸ்ஆர்வி பதிவும் இல்லை என்றால் அவை 8448ஆம் போர்ட்டைத் தேடி வரும். ஃபயர்வால் அதை மூடியிருந்தால் நம் ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், வெளியே இருப்பவர்களோடு பேச முடியாது.

அடுத்தது, டேட்டாபேஸை பேக்கப் எடுத்தால் போதும் என்ற எண்ணம். மறையாக்கம் செய்த அறைகளின் சாவி சர்வரில் இல்லை, அவரவர் கருவியில் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒருவரின் போன் தண்ணீரில் விழுந்தது. புது போனில் லாகின் ஆனார், அறைகளும் வந்தன, ஆனால் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் படிக்க முடியவில்லை என்ற வரிதான் இருந்தது. மூன்று மாதப் பேச்சு போய்விட்டது. 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ்.ஆர்க் என்ற பொது சர்வருக்குள் ஊடுருவல் நடந்து எல்லோரையும் வெளியேற்ற வேண்டி வந்தபோதும், சாவியைச் சேமித்து வைக்காதவர்களுக்கு இதே கதிதான். கணக்குத் தொடங்கும் அன்றே ஒவ்வொருவரையும் மீட்புச் சாவியைத் தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

சர்வர் பக்கம், மற்ற சர்வர்களிடம் தன் அடையாளத்தை நிரூபிக்க அது பயன்படுத்தும் கையொப்பச் சாவிக் கோப்பு, பயனர்கள் அனுப்பிய படங்கள் இருக்கும் மீடியா கோப்புறை இரண்டையும் சேர்த்து பேக்கப் எடுக்க வேண்டும். டேட்டாபேஸில் ஒருமுறைச் சாவிகள் (இரு கருவிகள் மறையாக்கத் தொடர்பைத் தொடங்க ஒரே ஒரு தடவை பயன்படுபவை) இருக்கும் டேபிளின் தரவை மட்டும் விட்டுவிடுங்கள். பழைய பேக்கப்பிலிருந்து அதை மீட்டால், ஏற்கெனவே செலவான சாவிகளை சர்வர் மறுபடி கொடுக்கும், புதுச் செய்திகள் திறக்காது.

சரி, மற்றவை சின்ன விஷயங்கள். டேட்டாபேஸ்களில் எஸ்க்யூலைட் சோதித்துப் பார்க்க மட்டும். நிஜப் பயன்பாட்டுக்கு போஸ்ட்கிரெஸ், அதுவும் 'சி' லொக்கேல் என்ற எழுத்து வரிசை அமைப்பில். யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம் என்று திறந்து வைத்தால் ஸ்பேம் கணக்குகள் வந்து குவியும், அழைப்பு டோக்கன் வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபி ராம் உள்ள விபிஎஸ்ஸில் (வாடகை மெய்நிகர் சர்வரில்) ஆயிரக்கணக்கானோர் இருக்கும் பொது அறைகளில் சேராதீர்கள்.

அப்புறம், பேக்கப்பை ஒருமுறையாவது வேறொரு கணினியில் மீட்டுப் பாருங்கள். அப்போது அந்த நகலை இணையத்திலிருந்து துண்டித்தே வையுங்கள். ஒரே பெயரில், ஒரே சாவியோடு இரண்டு சர்வர்கள் வெளியே பேச ஆரம்பித்தால் அறைகளின் வரலாறு குழம்பிவிடும்.